வீட்டுக்கு ஒரு தூக்கம்

பிப்ரவரி 18
பள்ளி விடுதி, மசாக்கா சாலை

அன்புள்ள கிசிட்டோ அண்ணாவுக்கு,

அண்ணனுக்கு மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டும். காகிதத்தில் எப்படி மண்டியிடுவது? விடுதிச் சிமெண்ட் தரையில் முழங்கால் வைத்து, கட்டில் பலகையில் தாளை வைத்து எழுதுகிறேன், நம்பு. உன் தொண்டை எப்படி இருக்கிறது? ப்வாய்சேயில் வெள்ளம் வடிந்ததா? நான் நலம். இங்கே போஷோக் களியும் பீன்ஸும் நலம், பீன்ஸில் குடியிருக்கும் வண்டுகளும் நலம். உனக்கு முன்னால் இதைப் படிக்கும் மேட்ரன் பெர்ப்பெச்சுவா அவர்களுக்கும் என் வணக்கம்.

அண்ணா, நாங்கள் படம் எடுக்கப் போகிறோம்! கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒடோங் சார் ஒரு திரைப்படக் குழு ஆரம்பித்திருக்கிறார். கேமரா ஏது என்று கேட்பாய். டெபுடியின், அதாவது துணைத் தலைமையாசிரியரின், அலமாரியில் எங்களிடம் பறிமுதல் செய்த கைப்பேசிகள் சந்தைக் கடைபோலக் குவிந்து கிடக்கின்றன. அதில் நல்லதாக ஒன்றை சார் கேட்டு வாங்கிவிட்டார். ஆண்டுக் கடைசியில் மாவட்டப் பள்ளிகளுக்குள் போட்டி.

கதை என்னுடையது. வருங்காலத்தில் ஒரு நகரம். அணையில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் காணும் கனவிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை தூக்கக் கூடத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பிள்ளை தூங்கினால்தான் இன்னொரு பிள்ளை படிக்க விளக்கு எரியும். விளக்கு அணைந்தால் யாரோ எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம், காவலர்கள் ஓடி வருவார்கள். தூங்கப் போன அண்ணனை எழுப்ப ஒரு தங்கை கிளம்புகிறாள்.

ஓடுகிற வெளிநாட்டுப் படத்துக்கு மேலே மைக்கைப் பிடித்து நம் மொழியில் கதை சொல்லிப் பிழைப்பவன் நீ. பார்க்காத படமே இல்லை. எது நிற்கும், எது விழும் என்று சொல். இந்தப் பரிசு எனக்கு வேண்டும். மூன்றாவது வருடமாக இங்கே என்னை 'வேலி ஏறினவன் தங்கச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் கடிதத்தைத் தோழிகள் படித்துப் பரப்பியதில் உன்னால் வந்த பெயர். நீதான் துடைத்துத் தர வேண்டும்.

உன் தங்கை,
ரெஸ்டி


மார்ச் 4
ஹாஜியின் கிபாண்டா வீடியோக் கொட்டகை, ப்வாய்சே

என் ரெஸ்டிக்கு,

எழுந்திரு, முழங்கால் வலிக்கும். நான் சுகம். வெள்ளம் கிபாண்டாவின் முதல் இரண்டு பெஞ்சு வரை வந்து படம் பார்த்துவிட்டுப் போனது, டிக்கெட் வாங்கவில்லை. தொண்டைக்கு இஞ்சி மென்றுகொண்டிருக்கிறேன். அப்படியும் என்னை 'எம்புசி', அதாவது ஆடு, என்றுதான் போஸ்டரில் போடுகிறார்கள். ஆட்டுக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை, ஆடாவது ஈத் பண்டிகைக்கு முன்னால் நாலு நாள் நன்றாகச் சாப்பிடும்.

கதை அருமை. ப்வாய்சேயில் மின்சாரம் போகிற வேகத்துக்கு இங்கே ஒருத்தன் விடாமல் எல்லோரும் விழித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

தொழில் சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள். ஒன்று, சத்தம் நிற்கக் கூடாது. ரசிகன் கடலை கொறிக்கிற சத்தம் உன் காதில் விழுந்தால் நீ தோற்றாய். இரண்டு, நான் எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டே பேசினால்தான் நான் பயந்தால் சனமும் பயப்படும், நான் சிரித்தால் சனமும் சிரிக்கும். நீயும் நடிகர்களிடம் முடிவைச் சொல்லாதே.

ஒரு சந்தேகம். வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் தூங்கப் போவது யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அதை நீ எழுதவில்லை.

வேலி ஏறினதைப் பற்றி இன்னும் பேசுகிறார்களா? பேசட்டும். பன்னிரண்டடி வேலி, மேலே முள்கம்பி. ஊரில் கராத்தே படம் போட்டிருந்தான், மனசு கேட்கவில்லை. இறங்கும்போது கால்சட்டையின் பின்பக்கம் கம்பியிலேயே தங்கிவிட்டது. டெபுடி விளக்கடித்துப் பார்த்தபோது அவருக்கு என் முகம் தெரியவில்லை, ஆனால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் பள்ளியை விட்டுத் துரத்திவிட்டார்கள். அவமானப்படாதே, சிரி.

அண்ணன்,
கிசிட்டோ


மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

தரையில் முழங்கால், தலையில் படிப்பு. நான் நலம், நீ நலமா? போன விடுமுறையில் நீ அம்மாவிடம் இதே வேலிக் கதையைச் சொன்னபோது அது எட்டடி வேலி. அதற்குள் நாலடி வளர்ந்துவிட்டது. நம் வாழைக்கன்று இப்படி வளர்ந்தால் நாம் பணக்காரர்கள்.

சீட்டுக் குலுக்குவது என்று வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளையின் பெயரையும் எழுதிச் சுரைக்குடுவையில் போடுவார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். பெயர் வந்தவன் போக வேண்டும்.

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. மூன்றடுக்குக் கட்டில்தான் தூக்கக் கூடம். தூங்குகிறவர்கள் தலையிலிருந்து வாழைநாரை ஒயராக இழுத்துச் சமையலறைப் பெரிய அண்டாவில் கட்டினோம். உயர்நிலை முதல் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் படுக்கச் சொன்னோம், நடிக்கச் சொன்னால் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். நான்காவது மணி அடித்தும் எழவில்லை. கணக்கு ஆசிரியர் வந்து, "இதெல்லாம் படமா, இல்ல என் வகுப்பா?" என்று கேட்டார்.

பெற்றோர் சந்திப்பு ஏப்ரல் 7. அம்மா கோழி கொண்டு வருகிறாள். இந்தத் தடவையாவது நீ வா. ஒரு தடவைகூட நீ இந்தக் கேட்டுக்குள் வந்ததில்லை. டெபுடி அடிக்கவா போகிறார்?

ரெஸ்டி


ஏப்ரல் 15

ரெஸ்டி,

நலமா? கோழியில் கால் யாருக்கு, ஈரல் யாருக்கு? அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டால் பொய் சொல்வாள், நீ பார்த்ததை எழுது.

வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஹாஜி இரண்டு காட்சியை மூன்றாக்கிவிட்டார். அதோடு டாக்சி வேனில் இடம் கிடைக்கவில்லை. அதோடு சட்டையும் காயவில்லை. மூன்று காரணம் சொன்னால் ஒன்றும் உண்மையில்லை என்று அம்மா சொல்வாள், அவளுக்கு என்ன தெரியும்.

உன் படத்துக்கு ஒரு யோசனை. தங்கை அண்ணனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று அழுகிற மாதிரி எடுக்காதே. தூங்குகிறவன் அழச் சொல்லிப் படுக்கவில்லை. விளக்கு எரிகிறதே, அவள் படிக்கட்டும்.

சோப்பும் சர்க்கரையும் அனுப்பியிருக்கிறேன். மேட்ரனுக்கு ஒரு சோப்பு.

கிசிட்டோ


ஜூன் 11

அண்ணா,

நலம்.

நேற்று கடைசிக் காட்சிக்கு இடம் பார்க்க ஒடோங் சார் எங்களை ஆண்கள் விடுதிப் பக்கம் கூட்டிப்போனார். பெண் பிள்ளைகள் போகக் கூடாத இடம், இரண்டரை வருடத்தில் முதல் தடவை போனேன். நீ ஏறிய வேலியைத் தொட்டுப் பார்த்தேன். என் தோள் உயரம்தான். மூலைத் தூணில் சிமெண்ட் காயும் முன் கொத்தனார் விரலால் தேதி எழுதியிருக்கிறார். நீ பள்ளியை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் கழித்த தேதி.

நீ ஏறியது எந்த வேலி?

ரெஸ்டி


ஜூலை 9

அண்ணா,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நம் கடிதங்களைக் கொண்டுவரும் டாக்சி கண்டக்டரிடம் கேட்டேன், "எம்புசியா? நேத்துக்கூட மைக்ல கத்திக்கிட்டு இருந்தான்" என்றார். தொண்டை இருக்கிறது, பேனாதான் இல்லை போலிருக்கிறது.

மேட்ரனிடம் போய்க் கேட்டேன். அவர் நம் கடிதம் எல்லாம் படிக்கிறவர்தானே.

"வேலியா? அந்த வருஷம் வேலி எங்கடி இருந்துச்சு? ஆமணக்குச் செடிதான் இருந்துச்சு. அத ஆடுகூட ஏறாது, நடந்தே போயிரும்."

"அப்போ அண்ணன ஏன் தொரத்துனாங்க?"

"யாரு தொரத்துனா? அவனாத்தான் பெட்டியத் தலைல வச்சுக்கிட்டுப் போனான். ரோடு வரைக்கும் நான்தான் கூடப் போனேன். ஒன்னப் பாத்துக்கச் சொன்னான். இவ்ளோ நாள் அவன் எழுதுற வேலிக் கதையப் படிச்சுப் படிச்சு எனக்கு வாய் அரிச்சுது, நீயா கேக்கட்டும்னு இருந்தேன்."

மிச்சத்தையும் சொன்னார். நான் அதை எழுதப் போவதில்லை. நீ எழுத வேண்டியது அது. முதல் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன், தெரியுமா? உன் பெயரைச் சொன்னவளோடு சண்டை போட்டு நகத்தால் கீறியிருக்கிறேன். நீ அப்போதும் சிரிக்கத்தான் சொன்னாய்.

கதையை மாற்றிவிட்டேன். ஒடோங் சார் பாதிப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தலையில் கை வைத்தார். எடுப்போம் என்று சொன்னேன். எடுக்கிறோம்.

ரெஸ்டி

(கீழே பென்சிலில்)
தம்பி, இவள் போஷோவைப் பாதியோடு வைத்துவிடுகிறாள். பதில் போடு. சோப்பு கிடைத்தது. – பெர்ப்பெச்சுவா


ஜூலை 27

ரெஸ்டி,

சாப்பிடு. முதலில் சாப்பிடு, பிறகு கோபப்படு. வெறும் வயிற்றில் கோபப்பட்டால் அல்சர் வரும்.

நான் சுகம். ஹாஜிக்கு இரண்டாவது மகள் பிறந்திருக்கிறாள். கிபாண்டாவின் தகரச் சுவருக்குப் பச்சை அடித்தோம், மீதிப் பெயிண்டில் என் செருப்பும் பச்சையாகிவிட்டது. மழை இல்லை. புதுப் படம் நாலு வந்திருக்கிறது, அதில் மூன்றில் ஒரே ஆள் சாகிறான்.

நீ கேட்டதற்கு எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்கு வசனம் கொடுக்கிறேன், எனக்கென்று வரும்போது ஒன்றும் வரவில்லை.

படம் முடிந்ததும் அனுப்பு.

அண்ணன்


செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணா,

மண்டியிட்டு வணக்கம், உன் செருப்புக்கும் வணக்கம். சாப்பிடுகிறேன், மேட்ரனைக் கேள். நேற்று அம்மா வந்தாள். இடுப்பு வலி இருக்கிறது, இறங்கும்போது டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டெபுடி படத்தைப் பார்த்தார். கடைசி எட்டு நிமிடத்தில் தங்கை அண்ணனை எழுப்புகிறாள், தூங்கும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வேலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் போன தவணை பிள்ளைகள் கலவரம் செய்து விடுதியைக் கொளுத்தினார்களே, அதிலிருந்து வேலி என்ற பேச்சை எடுத்தாலே இவருக்கு வியர்க்கிறது. "இது படமில்ல, ஸ்ட்ரைக்குக்கு ஒத்திகை" என்று சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே அந்த எட்டு நிமிடத்தை அழித்துவிட்டார். போட்டியிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார். ஒடோங் சார் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

நான் அழுதேன். ஒரு நாள். அதற்கு மேல் நேரமில்லை.

அழிக்காத பாகம் ஒரு மெமரி கார்டில் இருந்தது. அம்மாவின் கோமெசி உடையின் இடுப்புத் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். போட்டி இல்லாவிட்டால் போகட்டும், உன் கிபாண்டாவில் போடு. முடிவு இல்லாத படம் என்று தெரியும். முடிவை நீ பேசு. உன் தொழில் அதுதானே? முடிவு என்ன என்று நான் எழுத மாட்டேன். உன் பழக்கப்படி முன்கூட்டிப் பார்க்கவும் கூடாது.

ஒரே வேண்டுகோள். சுரைக்குடுவை இரண்டாவது தடவை வரும் காட்சியில் வசனம் இல்லை. அங்கே நீ பேசாதே.

உன் ரெஸ்டி


அக்டோபர் 20

ரெஸ்டி,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை கம்மி, பொறுத்துக்கொள். நலம். மேட்ரன் அவர்களே, இதை நீங்களும் படியுங்கள், பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சியில் போட்டோம். ஹாஜி முனகினார். "பள்ளிக்கூடப் பொண்ணு எடுத்த படமா? பெஞ்சு காலியா இருந்தா ஒன் தலைய அடகு வைப்பேன்." கராத்தே படத்தோடு இலவசம் என்று எழுதி ஒட்டினோம், மெக்கானிக் பையன்கள், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், எதிர் சலூன் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

அண்டாவில் வாழைநாரைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "இந்த கரண்ட் பில்ல யாரு கட்டுறது?" என்று நானும் ஏற்றிவிட்டேன். ஆனால் நகரத்தில் விளக்கு அணைந்து காவலர்கள் ஓடியபோது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "யாரோ எழுந்துட்டாங்கடா!" என்று கத்தினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மொத்தக் கூட்டமும் கத்தியது. உன் படம் ஓடிவிட்டது, ரெஸ்டி. அந்த இடத்திலேயே ஓடிவிட்டது.

பிறகு தங்கை வீட்டுக்கு வந்து அந்தச் சுரைக்குடுவையை எடுத்தாள். அம்மா எடுக்காமல் விட்ட மற்றச் சீட்டு உள்ளேயே கிடந்தது. பிரித்தாள். அதிலும் அண்ணன் பெயர்தான், அவன் கையெழுத்திலேயே.

நான் பேசவில்லை. நீ சொன்னதற்காக இல்லை. பேச வாய் வரவில்லை. கடலை கொறிக்கிற சத்தம் கேட்டது, ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

"எம்புசி! செத்துட்டியா? மைக் போச்சா?"

சலூன் பெண் ஒருத்தி, "சும்மா இருங்கடா, அவன் அழுறான்" என்றாள்.

அழித்த இடத்தில் படம் நின்று திரை கறுப்பாகிவிட்டது. ஹாஜி என் விலாவில் குத்தினார். "முடிவு எங்கடா? பெஞ்ச ஒடைப்பாங்க!"

மைக்கை எடுத்தேன். யோசிக்கவில்லை, வந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி கூடத்துக்கு ஓடுறா. அண்ணன் தோளப் புடிச்சு உலுக்குறா. அவன் கண்ணத் தொறக்குறான். ஊரே இருட்டு. 'எவ்ளோ நேரம் தூங்குனேன்?'னு கேக்குறான். 'ரெண்டு வருஷம் எட்டு மாசம்'ங்குறா. 'அய்யய்யோ, என் யூனிஃபார்ம் இன்னும் எனக்குச் சேருமாடி?'"

சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். பிறகு மறுபடி போடச் சொன்னார்கள்.

நீ கேட்டதை இப்போது எழுதுகிறேன். நான் அப்போது உயர்நிலை நாலாம் வகுப்பு, நீ முதல் வகுப்புக்கு வந்து மூன்றாம் நாள். பங்குச் சாமி என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் படிப்பு உதவி இனி வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான், யாருக்கு என்று அம்மாவைக் கேட்டு வா என்றார். அம்மா யார் பெயரைச் சொன்னாலும், விட்டுப்போன மற்றப் பெயர் சாகும்வரை அவள் தொண்டையில் நிற்கும். அதனால் அவளைக் கேட்கவில்லை. உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, துரத்திவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். உதவி போனது என்று சொன்னால் இருவரும் அழுவீர்கள், வேலி ஏறினேன் என்றால் திட்டுவீர்கள். திட்டு வாங்கிப் பழக்கம்.

உன் கேட்டுக்குள் வராததற்குக் காரணமும் அதுதான். மணி அடிக்கிற சத்தம் கேட்டால் வகுப்புக்குப் போகக் கால் தானாக நகரும் என்று பயம்.

வருத்தமில்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். வருத்தம் உண்டு. ஆனால் மறுபடி கேட்டாலும் இரண்டு சீட்டிலும் என் பெயரைத்தான் எழுதுவேன்.

கிசிட்டோ


நவம்பர் 3

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான் மண்டியிட்டு எழுதவில்லை. மேட்ரன் அறை ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். நீ நலமாக இரு, நான் நலம், இனி சொல்வதைக் கேள்.

உன் கடிதத்தைப் படித்து மேட்ரனும் நானும் சேர்ந்து அழுதோம். மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு பேரும் நேரே டெபுடி அறைக்குப் போனோம். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அந்த எட்டு நிமிடத்தைத் திருப்பித் தர முடியாது என்றார், மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மேசையைத் திறந்து இந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு உயர்நிலை நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வை வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கான படிவம். நம் பள்ளியிலேயே உட்கார்ந்து எழுதலாம். அடுத்த வருடம் நானும் நாலாம் வகுப்பு. என் குறிப்பேடு எல்லாம் வாரா வாரம் டாக்சியில் வரும். உயிரியல் படத்துக்கு நீ எப்படி வேண்டுமானாலும் குரல் கொடுத்துக்கொள், ஆனால் படி.

சீட்டில் உன் பெயரை எழுதும்போது நீ யாரையும் கேட்கவில்லை. இந்தப் படிவத்தில் பெயர் என்ற இடத்தில் நானும் கேட்காமல் எழுதிவிட்டேன். மிச்சத்தை நீ நிரப்பி நவம்பர் முடிவதற்குள் கொண்டு வா. தபாலில் அல்ல, நீயே. கேட் வழியாக.

ரெஸ்டி

(கீழே பென்சிலில்)
வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு யூனிஃபார்ம் தேவையில்லை. பின்பக்கம் கிழியாத கால்சட்டை போதும். – பெர்ப்பெச்சுவா


நவம்பர் 17

என் ரெஸ்டிக்கு,

சுகம். தொண்டை கட்டியிருக்கிறது, உன் படத்தை ஒன்பதாவது தடவை போட்டதால். ஒடோங் சாரிடம் சொல், இந்தப் பக்கத்தில் அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

படிவம் நிரப்பிவிட்டேன். வயது பத்தொன்பது, உள்ளதைத்தான் எழுதினேன். தாயின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், தேர்வு எழுதிய பிறகு சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே. 'படிப்பை நிறுத்திய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'வேலி' என்று பழக்கத்தில் எழுதி, அடித்துவிட்டு, 'தங்கை' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். இப்போது அதில் 'தூங்கிவிட்டேன்' என்று இருக்கிறது. டெபுடி திட்டினால் திட்டட்டும்.

சனிக்கிழமை காலை முதல் டாக்சியில் வருகிறேன். சட்டை காய்ந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. மணி ஐந்துதான், ஜன்னல் வெளிச்சம் போதும். சந்து முழுக்கப் பிள்ளைகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். "யாரோ எழுந்துட்டாங்க! யாரோ எழுந்துட்டாங்க!"

வெளியே போய், நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அண்ணன்,
கிசிட்டோ